மூட்டைக்குக் காவல் இருந்தவர்கள்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனை)



கப்பல் சுற்றுலா என்பது முன்பெல்லாம் நமக்கு வெகுதூரத்துச் செய்தி. இப்போது அப்படி இல்லை. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் புறப்பட்டது. மறு ஆண்டு ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைமுகங்களைத் தொட்டுவரும் பயணமும் தொடங்கியது. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் குடும்பங்களில்கூட, வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை விடுமுறைக்கு வந்தால், "அம்மா, இந்த வருஷம் கப்பல்ல போவோம்" என்று அழைத்துக்கொண்டு போகிறான். நல்லதுதான். மரக்காணத்திலும் புதுச்சேரியிலும் கரையில் நின்று மட்டுமே கடலைப் பார்த்த ஒரு தாய், நடுக்கடலில் சூரியன் உதிப்பதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் விவரித்தபோது, எனக்கே ஒருமுறை போய்வர ஆசை வந்தது.

ஆனால் கப்பல் திரும்பி வந்த அந்த ஒரு நாள் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கப்பல் காலையில் துறைமுகம் சேர்ந்துவிடுகிறது. அறையைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைக்கு விமானம் நள்ளிரவு தாண்டி. விமான நிலையத்தில் பெட்டியை வாங்கிக்கொள்ளும் கவுண்டரைப் பொதுவாக மூன்று மணி நேரம் முன்னால்தான் திறப்பார்கள். அதற்கு முன்னால் போனால் பெட்டியோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆக, காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது, பத்து மணி வரை கையில் ஒரு முழுப் பகல். கூடவே பெட்டிகள். வெளிநாட்டுக்குப் போகிற பெட்டி என்றால் சும்மாவா? வடாம், ஊறுகாய், பொடி வகைகள், நண்பன் வீட்டார் கொடுத்தனுப்பிய பொட்டலம் என்று ஒவ்வொன்றும் இரண்டு பேர் தூக்கும் கனம்.

இது புதிய தொல்லையும் அல்ல. 1926லிருந்து 1973 வரை 'ரஜூலா' என்ற கப்பல் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. நம் வீட்டுப் பெரியவர்கள் சிலருக்கு அந்தப் பெயர் இன்னும் நினைவிருக்கும். அந்தக் கப்பலில் வந்திறங்கியவர்கள் தகரப் பெட்டியோடும் படுக்கைச் சுருட்டோடும் ரயிலுக்குக் காத்திருந்தார்கள். அப்போதும் யாரோ ஒருவர் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் ஊர் பார்க்கப் போயிருப்பார்கள்.

அந்த யாரோ ஒருவர் யார் என்பதுதான் கேள்வி.

நான் சொன்ன அந்தத் தாய்க்கு வயது அறுபத்தெட்டு. சர்க்கரை நோய், முழங்கால் வலி இரண்டும் உண்டு. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். கப்பலிலிருந்து இறங்கிய அன்று குடும்பத்தோடு ஒரு பெரிய வணிக வளாகத்துக்குப் போயிருக்கிறார்கள். தரைத்தளத்தில் ஒரு பெஞ்சு. நான்கு பெரிய பெட்டிகள், கைப்பைகள், ஒரு அட்டைப்பெட்டி. "எனக்குக் கால் வலிக்குது, நீங்க போய்ட்டு வாங்க" என்று இவரே சொன்னாராம். மருமகளும் பேரப்பிள்ளைகளும் கடைகளுக்குப் போனார்கள். மகன் நண்பர்களைப் பார்க்கப் போனான். இவர் உட்கார்ந்திருந்தார். பதினொரு மணிக்கு உட்கார்ந்தவர் சாயங்காலம் ஏழு மணி வரை.

"ஒதுங்கக்கூட எழுந்திருக்க முடியல சாமி. பெட்டியை யாருகிட்ட விட்டுட்டுப் போறது? அதனால தண்ணியும் குடிக்கல. தம்பி நாலு தடவை வந்து பார்த்தான். வரும்போதெல்லாம் பெட்டியை எண்ணிப் பார்த்தான். நான் சாப்பிட்டேனான்னு கேக்கல. கொறையா சொல்லல சாமி, அவனுக்கு எத்தனை வேலை."

குறையாகச் சொல்லவில்லை என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன். அந்த மகனும் கெட்டவன் அல்ல. ஓராண்டு மிச்சம் பிடித்த பணத்தில் தாயைக் கப்பலில் ஏற்றியவன். கப்பலில் இருந்த நாள்களில் அம்மாவின் கையைப் பிடித்துப் படி ஏற்றி இறக்கியவன். ஆனால் கப்பலைவிட்டு இறங்கிய அன்று, யாரும் திட்டமிடாமலேயே, தாய் ஒரு பொருள் வைப்பறையாகிவிட்டார். சாவியும் ரசீதும் இல்லாத வைப்பறை.

திருவிவிலியத்தில் இதற்கு ஓர் இடம் இருக்கிறது என்று சொன்னால் நீங்கள் வியப்படைவீர்கள். சாமுவேல் முதல் நூல், 30ஆம் அதிகாரம். வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள்.

தாவீது இன்னும் அரசராகவில்லை. சவுலுக்குப் பயந்து பெலிஸ்தியர் நாட்டில் சிக்லாகு என்ற ஊரில் தங்கியிருக்கிறார். கூட 600 பேர். ஒரு படைப் பயணத்திலிருந்து மூன்றாம் நாள் ஊர் திரும்பினால், ஊர் எரிந்து கிடக்கிறது. அமலேக்கியர் வந்து பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அழுவதற்கு வலுவில்லாமல் போகும்வரை அவர்கள் அழுதார்கள். பிறகு ஆண்டவரிடம் கேட்டுவிட்டு, தாவீது விரட்டிப் போகிறார். பெசோர் என்ற ஓடை குறுக்கிடுகிறது. அதைக் கடக்க 200 பேரால் முடியவில்லை. மூட்டை முடிச்சுகளோடு அவர்கள் அங்கேயே நின்றுவிட, 400 பேர் மட்டும் போகிறார்கள்.

இந்த 200 பேரைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற 400 பேர் நடந்த அதே மூன்று நாள் இவர்களும் நடந்தவர்கள். எரிந்தது இவர்கள் வீடும்தான். கடத்தப்பட்டவர்கள் இவர்கள் மனைவி மக்களும்தான். ஒரே துயரம், ஒரு சிலரின் உடம்பு தாங்கியது, ஒரு சிலரின் உடம்பு தாங்கவில்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

400 பேர் போய் வென்று, எல்லாரையும் மீட்டு, கொள்ளைப் பொருளோடு திரும்புகிறார்கள். அப்போது அவர்களில் சில தீயவர்கள் எழும்பி ஒரு நியாயம் பேசுகிறார்கள். நம்மோடு வராதவர்களுக்கு ஏன் பங்கு? மனைவி பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு போகட்டும் என்கிறார்கள். கேட்டால் நியாயம் போலத்தான் தெரியும். உழைத்தவனுக்குத்தானே கூலி? தாவீது ஒப்புக்கொள்ளவில்லை. இது ஆண்டவர் கொடுத்தது. போருக்குப் போனவனுக்கு என்ன பங்கோ, மூட்டைகளைக் காத்தவனுக்கும் அதே பங்கு என்று தீர்ப்புச் சொன்னார். அன்றுமுதல் அது இஸ்ரயேலில் சட்டமாகவே ஆயிற்று என்று நூல் குறிப்பிடுகிறது. எண்ணிக்கை நூல் 31ஆம் அதிகாரத்திலும் இதற்கு நெருக்கமான ஒரு பங்கீடு வருகிறது. எது முந்தியது, எது பிந்தியது என்று குருமடத்தில் எங்களைப் பல மணி நேரம் வாதாட வைத்தார்கள். அதற்குள் இன்று போகவில்லை.

நான் காட்ட விரும்புவது சட்டத்துக்கு முந்தைய ஒரு சிறிய செய்தி. வேகமாக வாசித்தால் தவறிவிடும். தாவீது ஓடைக்கரைக்குத் திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்தார்? மூட்டைகளை எண்ணவில்லை. அந்த 200 பேர் அருகில் போய் அவர்கள் நலம் விசாரித்தார். பங்குச் சண்டை அதற்குப் பிறகுதான் வருகிறது. முதலில் நலம், பிறகுதான் கணக்கு.

தாவீதுக்கு இது எப்படித் தெரிந்தது? அவர் சிறுவனாக இருந்தபோது, அண்ணன்மாருக்கு வறுத்த தானியமும் அப்பமும் எடுத்துக்கொண்டு போர்க்களத்துக்குப் போனார் அல்லவா? கோலியாத்தைப் பார்க்குமுன், கொண்டுபோன பொருள்களை மூட்டைக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் ஓடினார் என்று 17ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்தக் காவலரின் பெயர் யாருக்கும் தெரியாது. கோலியாத்தின் பெயர் உலகமெல்லாம் தெரியும். அன்று அந்த ஆள் பொருளை வாங்கி வைக்காவிட்டால், தாவீது கையில் கூடையோடுதான் நின்றிருப்பார். எபிரேயத்தில் 'கெலி' என்ற சொல்லுக்குப் பாத்திரம், கருவி, மூட்டை எல்லாம் பொருள். சவுலை அரசராகத் தேர்ந்தெடுத்தபோது அவர் போய் ஒளிந்துகொண்டதும் இந்த மூட்டைகளுக்கு நடுவில்தான். சாமுவேல் நூலை எழுதியவருக்கு மூட்டைகளின் மேல் ஒரு கண் இருந்திருக்கிறது!

சரி, அந்தப் பகலை வேறு எப்படிக் கழித்திருக்கலாம்? மறையுரையில் இதையெல்லாம் பேசலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். பேசலாம். ஏனென்றால் புனித பவுலுக்கு இதே நிலை வந்திருக்கிறது.

திருத்தூதர் பணிகள் 21ஆம் அதிகாரம். பவுலும் லூக்காவும் மற்றவர்களும் எருசலேமை நோக்கிக் கப்பலில் போகிறார்கள். தீர் நகரத் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்க வேண்டும். பவுலுக்கு அவசரம், பெந்தக்கோஸ்து நாளுக்குள் எருசலேமில் இருக்க வேண்டும் என்று விரைந்துகொண்டிருப்பவர். ஆனாலும் அவர்கள் செய்த வேலை அந்த ஊரில் இருந்த சீடர்களைத் தேடிக் கண்டுபிடித்தது. ஏழு நாள் அவர்களோடு தங்கினார்கள். புறப்படும் நாளில் அந்தக் குடும்பங்கள், மனைவி மக்கள் உட்பட, ஊருக்கு வெளியே வரை வந்து வழியனுப்பினார்கள். எல்லாரும் கடற்கரையில் முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டு பிரிந்தார்கள். பின்னர் கைதியாக உரோமைக்குப் போகும்போது, மால்தாவில் மூன்று மாதம் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, இத்தாலியில் புத்தயோலித் துறைமுகத்தில் இறங்குகிறார். அங்கேயும் சகோதரர்களைக் காண்கிறார்கள்; அவர்கள் கேட்டுக்கொள்ள, ஏழு நாள் தங்குகிறார்கள்.

பவுலுக்குப் பொருள் வைப்பறையும் இருந்தது. துரோவா ஊரில் கார்ப்பு என்பவர் வீட்டில் தம் போர்வையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அதையும் நூல்களையும், முக்கியமாகத் தோல் சுருள்களையும் எடுத்து வா என்று திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். கார்ப்புவைப் பற்றி வேறொன்றும் நமக்குத் தெரியாது. ஒருவருடைய போர்வையைப் பத்திரமாக வைத்திருந்தவர் என்பதற்காக அவர் பெயர் விவிலியத்தில் இருக்கிறது.

சென்னையிலும் கார்ப்புகள் உண்டு. தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ ஒரு சித்தப்பா வீடு, ஒரு பழைய அண்டை வீட்டார். விமான நிலையத்துக்குப் பக்கம்தான். "பெட்டியோடு போய் அவர்களுக்கு ஏன் தொந்தரவு" என்று நாம் தயங்குகிறோம். நான்கு பெட்டியைத் திண்ணையில் வைத்துக்கொள்ள எந்தச் சித்தியும் முகம் சுளிக்க மாட்டார். பத்து வருடம் அவரை எட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால்தான் அந்தத் தயக்கம் வரும். அப்படியானால் அதற்கு அந்தப் பகல்தான் சரியான நாள்.

சென்ட்ரல், எழும்பூர் நிலையங்களில் பொருள் வைப்பறை உண்டு. ஆனால் ரயில் பயணச்சீட்டு கேட்பார்கள், பெட்டி பூட்டியிருக்க வேண்டும். விமானப் பயணிக்கு அது எப்போதும் உதவாது. ஒரு கார் பேசிக்கொண்டால், பெட்டிகளை அதிலேயே வைத்துக்கொண்டு பரங்கிமலைக்குப் போகலாம். 1523இல் போர்த்துகீசியர் கட்டிய ஆலயம் மலைமேல் இருக்கிறது. படியேற முடியாதவர்களுக்கு உச்சிவரை வாகனப் பாதையும் இருக்கிறது. அங்கே நின்றால் விமான நிலையம் கண்ணுக்குத் தெரியும். மகன் எந்த இடத்திலிருந்து பறக்கப்போகிறான் என்று ஒரு தாய் மரநிழலில் உட்கார்ந்து பார்க்கலாம். அந்த அம்மாவுக்கு அன்று சாந்தோம் ஆலயத்துக்குப் போகவேண்டும் என்ற எண்ணம் மனத்தில் இருந்ததாம். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றேன். "பெட்டி இருக்குதே சாமி" என்றார்.

எல்லாவற்றையும்விட, வீட்டுக்கே வந்து போயிருக்கலாம் என்பது என் கருத்து. விமான நிலையத்திலிருந்து திண்டிவனம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். விழுப்புரம் அதற்கப்பால் இன்னும் ஒரு நாற்பது. போக மூன்று மணி, வர மூன்று மணி என்று வைத்தாலும், நடுவில் நான்கு மணி நேரம் சொந்தக் கூரையின் கீழ் கிடைக்கும். அலைச்சல், காசு என்பார்கள். பெருங்களத்தூர் நெரிசலையும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இரண்டு ஆண்டு கழித்துத்தான் திரும்பி வருவான் என்றால், அவன் கடைசியாகச் சாப்பிட்ட சோறு அம்மா கையால் போட்டதா, வணிக வளாகத்தில் வரிசையில் நின்று வாங்கியதா என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் நெடுநாள் மனத்தில் நிற்கும். வழியில் அச்சிறுபாக்கம் மழைமலை மாதா திருத்தலத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி மெழுகுதிரி ஏற்றவும் முடியும்.

இவை எதுவும் முடியாது என்றால், முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் மகன், ஒரு மணி நேரம் மருமகள், ஒரு மணி நேரம் பெரிய பேரன். பதினான்கு வயதுப் பையனுக்குக் கைப்பேசி பார்க்க எந்தப் பெஞ்சும் ஒன்றுதான்! பெட்டி எல்லாருடையது, காவலும் எல்லாருடையதுதான்.

நேயர்களே, விமானப் பயணம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் விழுப்புரம் சந்திப்பு நம் எல்லாருக்கும் தெரியும். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து பாதைகள் கூடும் இடம் அது. புதுச்சேரிக்கு 1879லேயே ரயில் பாதை வந்துவிட்டது. அன்று தொடங்கி இன்றுவரை அந்த நடைமேடைகளின் முக்கியமான தொழில் காத்திருப்பதுதான். வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29ஆம் நாள் கொடி ஏறினால், செப்டம்பர் 8 வரையிலும், அதற்குப் பின்னும் சில நாளும், திரும்பிவரும் திருப்பயணிகளை அங்கே பார்க்கலாம். திருவண்ணாமலை, வேலூர் பக்கம் போகிறவர்கள் ஒரு வண்டியிலிருந்து இறங்கி, அடுத்த வண்டிக்கு மணிக்கணக்காகக் காத்திருப்பார்கள். காவித் துணி, மொட்டைத் தலை, கடல்நீர் புட்டி, எண்ணெய்ப் புட்டி, பிள்ளைகளுக்கு வாங்கிய பொரி, பொம்மை, எல்லாம் மூட்டைகளாக. ஒவ்வொரு மூட்டைக் குவியலுக்கும் நடுவில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் சாப்பிட வெளியே போயிருப்பார்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள்களைத் தொடாதீர்கள் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்பாரற்று உட்கார்ந்திருக்கும் மனிதர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இந்த ஆண்டு எங்கள் பங்கில் ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறோம். செப்டம்பர் 5 முதல் 10 வரை பங்கு மன்றத்தின் முன்கூடத்தைத் திருப்பயணிகளுக்குத் திறந்து வைக்கிறோம். மூட்டைகளை வாங்கி எண் எழுதிய அட்டை கட்டி வைப்போம். அதன் மறுபாதி உரியவர் கையில் இருக்கும். எந்த மதத்தவர் வந்தாலும் சரி, எந்த ஊருக்குப் போகிறவரானாலும் சரி. பணம் கிடையாது. நகையும் ரொக்கமும் மட்டும் அவரவரே வைத்துக்கொள்ள வேண்டும். கழிப்பறைச் சாவி கோயில்பிள்ளையிடம் இருக்கும். பெண்கள் பக்கத்துக்குப் புது விளக்குப் போட்டாகிவிட்டது. சாய்ந்து உட்காரும் நாற்காலிகள் ஆறு கிடைத்திருக்கின்றன. இன்னும் நான்கு இருந்தால் நல்லது. வீட்டில் சும்மா கிடந்தால் கொண்டுவந்து தாருங்கள். பத்தாம் தேதிக்குப் பிறகு திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

காவல் இருக்கிறவர்களுக்கு மூன்று மணி நேர முறை. ஒவ்வொரு முறைக்கும் இரண்டு பேர், ஒருவர் எழுந்து போனால் மற்றவர் இருக்க. பயணிகளுக்குப் போடும் அதே சாப்பாடு, அதே நேரத்தில், காவலிருப்பவர்களுக்கும். கடைசியாக மிஞ்சியதைக் கொடுப்பது என்ற பேச்சே கூடாது என்று மரியாயின் சேனை அம்மாக்களிடம் சொல்லியிருக்கிறேன். மூட்டையை வாங்கும்போது முதலில், "சாப்பிட்டீங்களா, எங்கிருந்து வர்றீங்க?" என்று கேட்க வேண்டும், அட்டை எழுதுவது அதற்குப் பிறகு.

பகல் முறைகளுக்கு இளைஞர் இயக்கத்தாரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் பெயர் கொடுத்துவிட்டார்கள். செப்டம்பர் 8 இரவு பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரைக்கும், இரண்டிலிருந்து ஐந்து மணி வரைக்கும்தான் இன்னும் ஆள் வேண்டும். ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு கோயில்பிள்ளையிடம் பெயர் கொடுக்கலாம்.